மண்ணறிந்து தளம் போடுவோம்

சிவில் படிக்கிற பையனோ பெண்ணோ ஒரு வீட்டில் இருந்துவிட்டால், சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்வி பாலத்தைப் பற்றியோ அணைக்கட்டைப் பற்றியோ இருப்பதில்லை. "ஏந் தம்பி, தோட்டத்துல புண்ணாக்கு, உர மூட்டையெல்லாம் போட ஒரு ரூம் எடுக்கலாம்னு இருக்கறோம். தளத்துக்கு எத்தன மூட்ட சிமெண்டு புடிக்கும்?" என்றுதான் கேட்பார்கள். நாம் விழிப்போம். விஷயம் தெரியாமல் அல்ல. மண் ஒரு தாளிலும், கான்கிரீட் இன்னொரு தாளிலும், மதிப்பீடு மூன்றாவது தாளிலும் படித்ததால், மூன்றையும் ஓர் இடத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வருவதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு சரக்கு அறைத் தளத்தை எடுத்துக்கொண்டு, அந்த மூன்றையும் இங்கே ஒன்று சேர்த்துப் பார்ப்போம்.

சின்ன வேலைதானே என்று நினைக்கலாம். அந்தத் தளத்தின் மேல் ஒரு குடும்பத்தின் ஒரு வருட மஞ்சளோ கொப்பரையோ மக்காச்சோளமோ இருக்கப் போகிறது. தளம் வெடித்தால் வெடிப்பு வழியாக ஈரம் ஏறும். யூரியா கட்டி தட்டும், கொப்பரை பூசணம் பிடிக்கும், எலி வளை வைக்கும். பெரிய கட்டடத்துக்கு இன்ஜினியர் வருவார், மண் பரிசோதனை நடக்கும். தோட்டத்து அறைக்கு வருவது கொத்தனாரும் இரண்டு சித்தாளும் மட்டுமே. ஆகவே நம் படிப்பு அதிகமாகப் பயன்பட வேண்டிய இடம் இதுதான் என்பது என் கருத்து.

நம் பக்கத்தில் இத்தகைய தளங்கள் கெடுவதைப் பார்த்தால், சிமென்ட் போதாமல் கெட்டது குறைவாகவே இருக்கும். அடியில் உள்ள மண்ணாலும், கலவையில் அளவுக்கு மீறி ஊற்றிய தண்ணீராலும், மேலே அடித்த காற்றாலும் கெட்டவையே அதிகம். மூன்றுமே நம் ஊருக்கென்று தனி குணம் கொண்டவை.

மண்

நம் மாவட்டத்து மண்ணை வகைப்படுத்தியவர்கள் அதற்கு நம் ஊர்ப் பெயர்களையே சூட்டியிருக்கிறார்கள். இருகூர் வகை என்பது சிவந்த மண், பெரியநாயக்கன்பாளையம் வகை என்பது கருத்த களிமண். ஒரே தோட்டத்தில் கிணற்று மேடு செம்மண்ணாகவும் கீழ்க்காடு கரிசலாகவும் இருப்பதைக் கொங்குச் சீமையில் பிறந்த யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. செம்மண்ணில் தளம் போடுவது எளிது. மேல் மண்ணை வேரோடு அரை அடி வழித்துவிட்டு, கிராவல் கொட்டி இடித்தால் வேலை முடிந்தது. கரிசல்தான் சோதிக்கும்.

கரிசலில் உள்ள களித்துகள் மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமம். சீட்டுக்கட்டுப் போல அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. தண்ணீர் கிடைத்தால் தகடுகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கும், மண் வீங்கும். காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும் காடு, ஐப்பசி மழைக்குப் பிறகு தழும்பில்லாமல் மூடிக்கொள்வது இதனால்தான்.

இந்த மண்ணின் மேல் ஒரு தளத்தைப் போட்டு மூடினால், நடுவில் உள்ள மண் வெயிலும் மழையும் படாமல் ஏறக்குறைய ஒரே ஈரத்தில் இருக்கும். ஓரத்து மண்தான் பருவத்துக்குப் பருவம் மாறும். கோடையில் ஓரம் சுருங்கி இறங்கும், தளத்தின் நடு மேடாக நிற்கும். மழைக்காலத்தில் ஓரம் வீங்கித் தூக்கும், நடு பள்ளமாகும். வருடத்துக்கு ஒரு தரம் இப்படி மேலும் கீழும் வளைத்தால், நாலு அங்குலக் கான்கிரீட் எத்தனை நாள் தாங்கும்? தளத்தின் ஓரத்தில் இருந்து இரண்டு மூன்றடி தள்ளி, ஓரத்துக்கு இணையாக ஓடும் வெடிப்பைப் பார்த்தால் மண்ணைச் சந்தேகிக்கலாம்.

மண் எவ்வளவு வீங்கும் என்று நம் லேபிலேயே பார்த்துவிடலாம். 425 மைக்ரான் சல்லடையில் சலித்த உலர்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குடுவைகளில் போட வேண்டும். ஒன்றில் வாலை வடிநீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் தகடுகளுக்குள் புகாது, ஆகவே அதில் மண் வீங்காது. 24 மணி நேரம் கழித்துப் படிந்த மண்ணின் அளவைப் படிக்கவும். தண்ணீரில் 21 மி.லி., மண்ணெண்ணெயில் 12 மி.லி. என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 9, அதை 12-ஆல் வகுத்தால் 75 சதவீதம். ஐ.எஸ். 1498 தரும் வகைப்பாட்டின்படி 50-க்குக் கீழே கவலை குறைவு, 50 முதல் 100 வரை நடுத்தரம், 100-ஐத் தாண்டினால் எச்சரிக்கை. இரண்டு குடுவையும் கால் லிட்டர் மண்ணெண்ணெயும் போதும். இதைச் செய்யாமல் கரிசலில் தளம் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கரிசலோடு மல்லுக்கட்டியவர்கள் நாம் மட்டுமல்ல. கர்நாடகத்தில் மலப்பிரபா கால்வாய்க்குச் சிமென்ட் பூச்சுப் போட்டபோது, அடியில் இருந்த கரிசல் அதைத் தூக்கி உடைத்தது. பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர்.கே. கட்டி அதை ஆராய்ந்தார். கரிசலிலும் ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கீழே உள்ள மண், தண்ணீர் பட்டாலும் அவ்வளவாக வீங்குவதில்லை என்பதை அவர் கவனித்தார். மேலே இருக்கும் மண்ணின் பிடிப்பு அதை அடக்கி வைத்திருக்கிறது. அப்படியானால், பிடிப்பு உண்டு ஆனால் வீக்கம் இல்லை என்கிற மண்ணை மேலே ஒரு படுகையாகப் போட்டால் கீழே உள்ள கரிசல் அடங்கும் அல்லவா? அதுவே அவர் கண்ட வழி. பிற்பாடு கால்வாய்களுக்கான ஐ.எஸ். 9451 விதிமுறையிலும் இது இடம்பெற்றது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இன்னொரு வழியைப் பரப்பியது. அடியில் குமிழ் வைத்த பைல்களை 3.5 மீட்டருக்குக் குறையாமல் இறக்கி, வீங்குகிற அடுக்கையே தாண்டிப் போய்விடுவது. வீட்டுக்கு அது நல்லது. புண்ணாக்கு அறைக்கு யாரும் பைல் போடப் போவதில்லை, ஆகவே கட்டி காட்டிய வழியைச் சின்னதாக்கி எடுத்துக்கொள்வோம்.

தளத்துக்கு வெளியே நாலு பக்கமும் ஒன்றரை அடி சேர்த்து, 13-க்கு 15 அடியில் 2 அடி ஆழம் கரிசலை எடுத்துவிட வேண்டும். அந்தக் குழியில் செம்மண் கிராவலை நிரப்பி, தரைமட்டத்துக்கு மேல் அரை அடி உயர்த்த வேண்டும். கணக்குப் போட்டால் 487 கன அடி. இடித்தால் அமுங்குமே, கால் பங்கு கூட்டினால் 600-ஐத் தாண்டும். அதாவது ஆறு யூனிட். "ஆறு லோடா!" என்று வீட்டுக்காரர் முகம் மாறும். வேலையில் காசு போக வேண்டிய இடம் அதுதான் என்று நாம் அசையாமல் நிற்க வேண்டும். ஒரு மீட்டருக்கு 2 அடி சமமாகாது என்பது உண்மை. லேசான அறை, ஓரம் கனத்த தளம், சுற்றிலும் சாய்தளம் என்று மற்றவையும் சேர்ந்து வருவதால் இது ஒரு நடுவழி. 100 சதவீதத்துக்கு மேல் வீங்குகிற மண் என்றால் இன்னும் ஆழம் போங்கள், அல்லது இடத்தை மாற்றச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைக் கண்டித்தே ஆக வேண்டும். குழியில் மணலைக் கொட்டித் தண்ணீர் விட்டு நிரப்புவது பல இடங்களில் நடக்கிறது. செம்மண்ணில் சரி. கரிசலில் அது, களிமண் தொட்டி கட்டி அதில் மணலைப் போட்டுத் தண்ணீரைச் சேமித்து வைத்ததற்குச் சமம். மழை நீர் மணல் வழியே இறங்கி, வெளியேற வழியில்லாமல் அடிக் கரிசலை நாள்கணக்கில் ஊற வைக்கும்.

கிராவலை அரை அடி அரை அடியாகப் பரப்பி, தண்ணீர் தெளித்து இடிக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர்? 1933-இல் பிராக்டர் சொன்ன உகந்த ஈரத்தைக் கையாலேயே கண்டுபிடிக்கலாம். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், இடுப்பளவில் இருந்து கீழே போட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும். உடையாமல் சப்பட்டையானால் ஈரம் அதிகம், பொடியாக உதிர்ந்தால் போதாது. திம்மிசுக் கட்டையால் கூட இடிக்கலாம், ஆனால் வாடகைக்கு இடிக்கும் மெஷின் கிடைக்கிற காலத்தில் ஆள் முதுகை ஏன் ஒடிக்க வேண்டும்?

சதுரம் பார்ப்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று, நாலு, ஐந்து அடிக் கயிற்றால் மூலையைப் பிடித்து, கடைசியில் இரண்டு குறுக்குக் கோடும் சமமா என்று அளந்தால் முடிந்தது. மட்டத்துக்குத் தண்ணீர் டியூப். வாசல் பக்கம் அரை அங்குலம் சரிவு இருந்தால் கழுவி விட வசதி.

கலவை

தளம் 4 அங்குலம் என்றால் 40 கன அடி. சுற்றிலும் 8 அங்குல அகலத்துக்கு ஓரத்தை மட்டும் 9 அங்குலமாகக் கனக்க வைத்தால் இன்னும் ஏறக்குறைய 12 கன அடி. மொத்தம் 52. 1:1½:3 கலவையில் ஒரு மூட்டை சிமென்டுக்கு 4.4 கன அடி கான்கிரீட் விழும். ஆக 12 மூட்டை. இதுதான் மாமா கேட்ட கேள்விக்குப் பதில். கையால் கலப்பதானால் ஒரு மூட்டை கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மூட்டை சிமென்டின் கொள்ளளவு 35 லிட்டர். உள்ளளவு 30 செ.மீ., 30 செ.மீ., உயரம் 39 செ.மீ. என்று ஒரு மரப்பெட்டி அடித்தால் சரியாக அந்த அளவு வரும். மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி முக்கால் ஜல்லி. பாண்டுக் கணக்கு வேண்டாம், காலையில் குவித்து அள்ளுகிற பாண்டும் மத்தியானம் கை சோர்ந்து அள்ளுகிற பாண்டும் ஒன்றல்ல. எம்-சாண்ட் என்று சொல்லிக் குவாரி டஸ்ட்டை இறக்கிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. கையில் தேய்த்துப் பார்த்து, மாவு போல ஒட்டினால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்போது தண்ணீர். இதில்தான் படித்தவனுக்கும் கொத்தனாருக்கும் சண்டை வரும். "இன்னொரு பக்கெட் ஊத்து அம்மிணி, கலவை இழுக்கவே மாட்டீங்குது" என்ற குரல் கேட்காத சைட் கிடையாது. அவர் கஷ்டம் நியாயமானதே, கெட்டிக் கலவையை மட்டப்பலகையால் இழுத்தால் தோள் கழன்றுவிடும். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 50 கிலோ சிமென்ட் முழுவதும் இறுகுவதற்கு 19 லிட்டர் போதும். அதற்கு மேல் ஊற்றுவதெல்லாம் கலவை இளகுவதற்காகத்தான். வேலை முடிந்ததும் அது ஆவியாகிப் போய், போன வழியெல்லாம் நுண்துளையாக நிற்கும். டஃப் ஏப்ரம்ஸ் என்னும் அமெரிக்கர் 1918-இல் வெளியிட்ட விதி இதைத்தான் சொல்கிறது. தண்ணீருக்கும் சிமென்டுக்கும் உள்ள விகிதம் ஏற ஏறப் பலம் இறங்கும்.

ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணக் கலவைக்கான 9-ஆம் அட்டவணை, எம் 20-க்கு மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது என்கிறது. நீடித்து உழைப்பதற்கான 5-ஆம் அட்டவணையோ, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மிக லேசான சூழலிலும் விகிதம் 0.55-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. அதாவது 27½ லிட்டர். இரண்டில் குறைந்ததை எடுத்துக்கொள்வதே முறை. மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். ஒன்றரைப் பெட்டி மணல் ஏறக்குறைய 80 கிலோ, அதில் 5 சதவீதம் ஈரம் என்றாலே 4 லிட்டர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. 30 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 40 ஊற்றினால், மூன்றில் ஒரு பங்குப் பலம் போனதாகக் கொள்ளலாம். 12 மூட்டை வாங்கி 8 மூட்டைப் பலத்தில் தளம் போடுவதற்கு எதற்குச் செலவு?

கொத்தனாரிடம் விதியைச் சொல்லி ஜெயிக்க முடியாது. மிக்சர் மெஷின் வைத்து இரண்டு நிமிடம் முழுசாகச் சுற்றினாலே கலவை இளகி வரும். அதுவும் போதாவிட்டால் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் சேர்க்கலாம். பத்து லிட்டர் பக்கெட் ஒன்றை மெஷின் பக்கத்தில் வைத்து, ஹோஸ் பைப்பை அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பைப் கையில் இருக்கும் வரை அளவு நிற்காது.

கலவை தூக்குகிற சித்தாள்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? ஈரச் சிமென்டின் காரம் தோலை அரித்துப் புண்ணாக்குகிறது. ரப்பர் கையுறை மதிப்பீட்டில் ஒரு வரி கூட ஆகாது. எழுதுங்கள்.

கம்பி 8 மி.மீ., இரு பக்கமும் 8 அங்குல இடைவெளி. நீளவாட்டில் 16, குறுக்குவாட்டில் 19. நாற்பதடிக் கம்பி 11 வாங்கினால் வெட்டுக்குச் சரியாக வரும், எடை ஏறக்குறைய 53 கிலோ. ஓரக் கனத்தின் அடியில் 10 மி.மீ. கம்பி இரண்டு தனியாக ஓடட்டும். கம்பி வலை தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் நிற்க வேண்டும். கீழே கிடத்திவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிவிடுவோம் என்பார்கள். தூக்கிய இடத்தில் மறுநிமிடம் ஒருவர் மிதிப்பார். ஆகவே சிமென்ட் கட்டைகளின் மேல் முன்னரே உட்கார வையுங்கள். வலைக்கும் கீழே 250 மைக்ரான் பாலிதீன் ஷீட், ஒன்றின் மேல் ஒன்று ஓரடி ஏறும்படி. கொப்பரையையும் உரத்தையும் அடி ஈரத்தில் இருந்து காப்பது அந்த ஷீட்தான்.

காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. அதே காற்று நம் தளத்தையும் உறிஞ்சுகிறது. கான்கிரீட் கொட்டியதும் மேலே கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும். அது ஊறி வருவதைவிட வேகமாக ஆவியானால், இறுகாத மேற்பரப்பு சுருங்கிக் கிழியும். சதுர மீட்டருக்கு மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானால் ஆபத்து என்பது வழக்கமான எல்லை. நம் தளம் 11 சதுர மீட்டர். மணிக்கு 11 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம்! வெயில் மட்டும் இருந்தால் இவ்வளவு போகாது. மேகமூட்டமாக இருக்கிறது, நல்ல நாள் என்று ஆடியில் வேலை தொடங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

என்னைக் கேட்டால் மார்கழி, தை மாதங்களே உகந்தவை. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து கரிசல் நடுத்தர ஈரத்தில் இருக்கும், வெடிப்பு இராது, காற்றும் தணிந்திருக்கும். ஆடியில்தான் முடியும் என்றால் விடியற்காலையில் கொட்டி முடியுங்கள். காற்று வரும் பக்கம் தார்ப்பாய் கட்டுங்கள்.

மேலே கசிந்த நீர் மறையும் முன் கரணை போடக் கூடாது. நீர் நிற்கும்போதே சிமென்ட் பொடியைத் தூவித் தேய்க்கும் பழக்கமும் வேண்டாம். அன்றைக்குக் கண்ணாடி போல் இருக்கும், ஆறு மாதத்தில் மூட்டை இழுக்க இழுக்கத் தூசியாக எழும். 12 அடி நீளத்தின் நடுவே, மறுநாளைக்குள் ஒரு அங்குல ஆழத்துக்கு ஒரு கோடு வெட்டிவிடுங்கள். தளம் சுருங்கும்போது அந்தக் கோட்டில் வெடித்துக்கொள்ளட்டும்.

பிறகு பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். விதிப்படி சாதாரண சிமென்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி.க்கு 10 நாள். வெயில் ஊர் என்றால் முன்னதற்கும் 10 நாள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. என்பதால் 14 நாள் என்றே சொல்லிவிடுங்கள். கரிசலில் ஒரு எச்சரிக்கை: பாத்தித் தண்ணீர் வழிந்து ஓரத்து மண்ணில் இறங்கக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மேலே பாலிதீன் மூடினால் தண்ணீர் செலவும் குறைவு, காற்றும் ஒன்றும் செய்யாது.

வேலை முடிந்தது என்று கொத்தனார் சாமான்களைக் கழுவும்போது, சுற்றிலும் மூன்றடி அகலத்துக்கு வெளிச்சரிவோடு ஒரு சாய்தளம் போடச் சொல்லுங்கள். ஓரத்து மண்ணின் ஈரம் மாறாமல் காப்பது அதுதான். கூரைத் தண்ணீர் ஓரத்தில் சொட்டாமல் குழாய் வைத்துத் தள்ளி விடவும். வேப்பங்கன்றைப் பக்கத்தில் நட வேண்டாம், அதன் வேர் கோடையில் அடி ஈரத்தை இழுத்துவிடும். மூட்டைகளை 28 நாளுக்குப் பிறகு ஏற்றலாம், அப்போதும் நேராகத் தளத்தின் மேல் அல்ல, பலகை போட்டு, சுவரில் இருந்து ஓரடி தள்ளி.